பொறுமை யாருக்கு நற்பண்பு?

சனிக்கிழமைக் கருத்தரங்கைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். முடியவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண் இறையியலாளர் ஒருவரைப் பற்றி, "கேட்டி கேனன் செய்தது அறவியல் இல்லை, வெறும் சமூகநீதி அரசியல்" என்று மேடையில் சொன்னார்கள். அரங்கமும் கை தட்டியது.

கேட்டி ஜெனீவா கேனன் கேட்டது ஒரே கேள்வி. வேறு வழியே இல்லாதவளிடம் போய்ப் பொறுமை, உழைப்பு, சிக்கனம் என்று பாடம் நடத்தினால் அது அறமா? பாடப்புத்தக அறவியல், மனிதருக்கு விருப்பப்படி வாழ வழிகள் உண்டு என்று வைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறது. 1950இல், நிறப்பிரிவினைச் சட்டங்கள் இருந்த அமெரிக்க மாநிலமான வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண்ணுக்கு அந்த வழிகள் எங்கே இருந்தன? அவர் நற்பண்பைத் தள்ளிவிடவில்லை. ஒடுக்கப்பட்ட பெண்கள் மானத்தோடு பிழைத்திருக்கத் தாங்களே வளர்த்துக்கொண்ட பண்புகளைத் தேடினார். வெளியே தெரியாத கண்ணியம், ஆரவாரமில்லாத துணிச்சல். கறுப்பினப் பெண் எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டனின் வாழ்க்கையிலும் எழுத்திலும் அவற்றைக் கண்டு 1988இல் புத்தகமாக்கினார். இது அறவியல் இல்லையென்றால் வேறு எது?

என் பாட்டி முப்பது வருடம் ஆலய வளாகத்தைப் பெருக்கினார். அடக்க ஆராதனையில் "பொறுமைசாலி" என்று புகழ்ந்தார்கள். கூலி உயர்த்திக் கேட்டு மூன்று முறை போனதும், மூன்று முறையும் "கர்த்தருக்குச் செய்கிற ஊழியம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்டதும் பிரசங்கத்தில் வரவில்லை. மூன்றாவது முறையும் போனாரே, அதுதான் அவருடைய நற்பண்பு. அதைப் பார்க்க எனக்குக் கண் கொடுத்தவர் கேனன்.

"அப்போ பொறுமையே வேண்டாமா?" வேண்டும். கூலி கொடுக்கிறவர்களுக்கு முதலில் நீதியைச் சொல்லிவிட்டு, அப்புறம் வாங்குகிறவர்களிடம் பொறுமையைப் பேசுங்கள். "அமெரிக்கச் சிந்தனை நமக்கு எதற்கு?" நாம் மதிக்கிற இறையியலாளர்கள் அகுஸ்தீனும் லூத்தரும் எந்த ஊர்க்காரர்கள்? "அனுபவத்தை வைத்து வேதத்தை வளைக்கக் கூடாது" என்பதில் நியாயம் இருக்கிறது, அதற்குத் தனியாக எழுதுகிறேன். ஆனால் "சபைமேல் இருந்த வெறுப்பில் எழுதினார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 1974இல் அமெரிக்க ஐக்கிய பிரஸ்பிடீரியன் சபையில் போதகராக அருட்பொழிவு பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 2018இல் இறக்கும்வரை இறையியல் கற்பித்தவர். வெறுத்தவர் ஏன் உள்ளேயே இருக்க வேண்டும்? நானும் உள்ளேதான் இருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அதே வளாகத்துக்குள்தான் போகிறேன்.

சரி, கருத்து வேறுபாடு இருக்கட்டும். அந்தக் கைதட்டல்தான் மனதை விட்டுப் போகவில்லை. கை தட்டியவர்களில் இரண்டு பேர் பாட்டியின் அடக்கத்துக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள்.