அந்த ‘லாக்டவுன் பொற்காலம்’ பதிவுக்கு

கொரோனா லாக்டவுன் பிள்ளைகளுக்குப் ‘பொற்காலம்’ என்று சொன்ன அந்தப் பதிவின் கீழே நேற்று நான் போட்ட ஒரே ஒரு கமெண்டுக்கு 14 சிரிப்பு முகம் விழுந்திருக்கிறது. நான் எழுதியது இவ்வளவுதான்: “எல்லாப் பிள்ளைக்கும் வீடு அப்படி இல்லை.” இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ராத்திரி ரொம்ப நேரம் யோசித்தேன். “எதுலயும் நெகட்டிவ்தானா டீச்சர்?” என்று ஒருவர். “உங்களுக்கென்ன, வீட்லயே உக்காந்து சம்பளம் வாங்கினீங்க” என்று இன்னொருவர். சரி, அந்தச் சம்பளத்துக்கு இன்றைக்குக் கொஞ்சம் வேலை பார்த்துவிடுகிறேன்.

அந்தப் பதிவில் வரும் நுரை அடித்த டால்கோனா காபி, மொட்டைமாடிப் பட்டம், அப்பா முதல்முறையாகச் சுட்ட தோசை. எல்லாம் உண்மைதான். உங்கள் வீட்டில் நடந்தது. ஆனால் 2020 மார்ச் 20 முதல் 31-க்குள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு நாடு முழுவதும் மூன்று லட்சத்துக்கு மேல் அழைப்புகள் வந்தன. அதில் 92,105 அழைப்புகள் அடியிலிருந்தும் கொடுமையிலிருந்தும் காப்பாற்றச் சொல்லி வந்தவை. நீங்கள் காபி நுரையைப் படமெடுத்துப் போட்ட அதே நாட்கள்.

ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்து, “அரசுக் கணக்குப்படி 2020-ல் குழந்தைகள் மீதான குற்றம் குறைஞ்சிருக்கே” என்றார். குறைந்ததுதான். 2019-ல் சுமார் 1.48 லட்சம் வழக்கு, மறு வருடம் சுமார் 1.28 லட்சம். குறைந்தது வழக்கு, நண்பரே. அடி குறைந்தது என்று யார் பார்த்தார்கள்? பிள்ளையின் கன்னம் வீங்கியிருந்தால் முதலில் பார்ப்பது பக்கத்தில் உட்காரும் பிள்ளை, அப்புறம் வகுப்பு டீச்சர், இல்லையென்றால் சோறு போடும் சத்துணவு அக்கா. பள்ளியை மூடி இந்த மூன்று பேரையும் அனுப்பிவிட்டுப் புகாரே வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? அதே கணக்கில் குழந்தைத் திருமண வழக்கு 523-லிருந்து 785 ஆகியிருக்கிறதே, அந்தப் பக்கத்தை ஏன் புரட்டவில்லை?

“அப்போ கொரோனாவில் பள்ளியைத் திறந்து வைக்கணுமா?” நான் அப்படி எங்கே சொன்னேன்? மூடியதைத் தப்பு என்று சொல்லவில்லை. மூடிவிட்டு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்கிறேன். டாஸ்மாக்கை மட்டும் மூடிவைக்க 43 நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. 2020 மே 7, சென்னை தவிர மற்ற இடங்களில் திறந்தார்கள். உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கி மே 16 மறுபடி திறந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. அப்பாவுக்குக் கடை உண்டு, மகளுக்குப் பள்ளி இல்லை. ஒரே அறை வீட்டில் குடித்துவிட்டு வருகிறவரிடமிருந்து அந்தப் பிள்ளை எங்கே போகும்? மொட்டைமாடிக்கா?

சம்பளம் பற்றிச் சொன்னவருக்கு ஒன்று. அந்த நாட்களில் பள்ளியில் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு கொடுத்தோம். வரிசையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. வேர்த்து ஊற்றுகிற வெயிலில் அப்பாவின் முழுக்கைச் சட்டை. பதிவேட்டை நீட்டினேன், இடது கையால் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு கட்டத்தைத் தாண்டிப் போனது. இரண்டு வருடம் அவள் நோட்டைத் திருத்தியவள் நான், அவள் வலது கைக்காரி. “கையில என்னடி?” “விழுந்துட்டேன் மிஸ்.” பின்னால் அவள் அப்பா பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசை நீளம், எல்லோருக்கும் மாஸ்க், எனக்கும் பயம். அரிசியைக் கொட்டினேன். “அடுத்தது” என்றேன்.

1098 என்ற எண் எனக்குப் பின்னால் சுவரிலேயே எழுதியிருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். நிச்சயமாகத் தெரியாமல் எப்படிப் போடுவது, அந்த ஆள் வந்து தகராறு செய்தால், நிஜமாகவே விழுந்திருந்தால் என்று எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். பள்ளி திறந்த அன்று அவள் வரவில்லை. திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதனால்தான் அந்தக் கமெண்ட் போட்டேன். நெகட்டிவிட்டி என்றால் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று, அந்த 14 சிரிப்பு முகத்தில் மூன்று பேர் டீச்சர்கள். எனக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்கள் பள்ளியிலும் அரிசி கொடுத்தார்கள்.