1965-இல் வத்திக்கான் யூதர்களை ‘மன்னித்ததா’?

“கிறிஸ்துவைக் கொன்ற குற்றத்திற்காக யூதர்களைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் மன்னித்தது, அதே அறிக்கையில் இஸ்ரேல் நாட்டையும் அங்கீகரித்தது” என்றொரு செய்தி பரவி வருகிறது. இரண்டு கூற்றுகளும் தவறானவை.

உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில் 2221 பேர் ஆதரித்தும் 88 பேர் எதிர்த்தும் வாக்களித்த பின், திருத்தந்தை ஆறாம் பவுல் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட, பிற சமயங்களுடன் திருச்சபையின் உறவைப் பற்றிய ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கையில் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. யூதத் தலைவர்களும் அவர்களைப் பின்பற்றியோரும் இயேசுவின் மரணத்தை வற்புறுத்தினர் என்று அது மறைக்காமல் சொல்கிறது. ஆனால் அதற்காக அன்று வாழ்ந்த யூதர் அனைவரையும் வேறுபாடின்றியோ, இன்றைய யூதர்களையோ குற்றம் சாட்ட இயலாது என்கிறது. பழியே இல்லை என்று அறிவிக்கப்பட்ட மக்களை மன்னிப்பது எங்ஙனம்?

உண்மையில், கணக்குக் கேட்கப்பட்டது திருச்சபையிடம்தான். நாஜிகளிடம் தம் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் ஐசாக், யூதர்களை இழிவுபடுத்திய நெடுங்காலக் கிறிஸ்தவப் போதனையை மாற்றுமாறு 1960 ஜூனில் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானை நேரில் வேண்டினார். அவ்வாண்டிலேயே யூதர்களைப் பற்றிய அறிக்கையைத் தயாரிக்கும் பணி, திருச்சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவரான கர்தினால் பெயாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

இஸ்ரேல் நாட்டைப் பற்றி அவ்வறிக்கை ஏதும் கூறவில்லை. அரபு நாடுகளின் எதிர்ப்புக்கிடையே, அரசியல் நோக்கமற்றதாகவே அது தன்னை அறிவித்துக்கொண்டது. வத்திக்கானும் இஸ்ரேலும் தூதரக உறவுக்கு வழிவகுத்த அடிப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1993 டிசம்பர் 30 அன்றுதான்.

மன்னிப்பு வேண்டல் பின்னர் நிகழ்ந்தது, அதுவும் எதிர்த்திசையில்: 2000 மார்ச்சில் எருசலேமில் யூதர்களின் புனிதத் தலமான மேற்குச் சுவரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வைத்த மன்றாட்டு, யூதர்களைத் துன்புறுத்தியோரின் செயல்களுக்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டது.