மரபணு மட்டும் காரணமல்ல

‘ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்குச் சர்க்கரை நோய் அதிகம் வருவது மரபணுவால், காலனியத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்’ என்ற கருத்து தவறானது. குடியேறிய வெள்ளையர் அவர்களின் நிலத்தைப் பறித்து, மிஷன்களிலும் (கிறித்தவ சபைகள் நடத்திய குடியிருப்புகள்) மாட்டுப் பண்ணைகளிலும் அடைத்தபோது வேட்டை இறைச்சியும் காட்டுக் கிழங்கும் போய், ரேஷனாக வெள்ளை மாவு, சர்க்கரை, தேயிலை வந்தது. பல பண்ணைகளில் கூலியே இதுதான்!

ஆஸ்திரேலிய ஆய்வாளர் கெரின் ஓ’டே 1984இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில், சர்க்கரை நோயுள்ள பழங்குடியினர் 10 பேர் தங்கள் நிலத்துக்குத் திரும்பி 7 வாரம் வேட்டையாடி, சேகரித்து உண்டார்கள். சராசரியாக 8 கிலோ குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறத்தாழ 210 மி.கி.யிலிருந்து 120க்கு இறங்கியது. உணவு, நடை, எடைக்குறைவு மூன்றும் சேர்ந்த பலன் அது, முழுக் குணமல்ல. ஆனால் அந்த 7 வாரத்தில் மரபணு மாறிவிடவில்லையே? இன்றும் தொலைதூரக் குடியிருப்புக் கடைகளில் காய்கறி, பழம் நகரத்தைவிட விலை அதிகம்.