‘இணைப்பு தோல்வி’ என்றால் யாருக்குப் புரியும்?

சர்வரை மாற்றிய மறுநாளே பழைய காப்பியர் ஸ்கேனை ஃபோல்டருக்கு அனுப்ப மறுக்கிறது. திரையில் ‘இணைப்பு தோல்வி’ என்று ஒரே வரி. காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் என்ன? உடனே பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள், ஷேரை (பகிர்ந்த ஃபோல்டரை) எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே வீண். அந்த மெஷினுக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 மட்டும், அதாவது நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய பதிப்பு. விண்டோஸ் சர்வர் 2019-இல் அது தானாக நிறுவப்படுவதே இல்லை. இரண்டும் பேசவே தொடங்காதபோது பாஸ்வேர்டு வரை விஷயம் போவதே கிடையாது.

‘எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணுங்க’ என்ற அறிவுரையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியதே அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்! முதலில் காப்பியரின் ஃபர்ம்வேரை (உள்ளிருந்து அதை இயக்கும் மென்பொருளை) புதுப்பித்து, நெட்வொர்க் அமைப்பில் எஸ்எம்பி2 அல்லது 3 வருகிறதா என்று பாருங்கள். வந்தும் மறுத்தால் என்டிஎல்எம்வி2 (லாகினைச் சரிபார்க்கும் முறை), சைனிங் (தகவலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), 445 போர்ட் (எஸ்எம்பி போகும் வழி) மூன்றையும் சரிபாருங்கள். ஷேர் டொமைன் கன்ட்ரோலரில் (அலுவலகத்தின் யூசர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வரில்) இருந்தால் சைனிங் இயல்பாகவே கட்டாயம். அங்கே ஸ்கேன் ஃபோல்டரை வைக்கவே கூடாது. யூசர் பெயரை டொமைனோடு சேர்த்துக் கொடுங்கள். நீளமான பாஸ்வேர்டைச் சில பழைய மெஷின்கள் ஏற்காது.

புது ஃபர்ம்வேரே கிடைக்காத மெஷின் என்றால், உள் நெட்வொர்க்குக்குள் மட்டும் இயங்கும் எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் இன்னொரு முறை) ஃபோல்டருக்கு, எழுத மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கில் அனுப்பவையுங்கள்.