பைக்குக் காதுதான் உயிர்

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போச்சம்பள்ளி சந்தைக்குப் போன அம்மா, எட்டு கிலோ கேழ்வரகும் இரண்டு கிலோ கொள்ளும் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்ப பஸ் ஏறியிருக்கிறார். வலது கையில் கம்பி, இடது கையில் பை. முதல் படியில் காலை வைத்து உடம்பைத் தூக்கிய அந்த நேரத்தில் பையின் ஒரு காது பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தக்காளி கொட்டினால் ஓடிப்போய்ப் பொறுக்கலாம். கேழ்வரகை என்ன செய்வது? படி இடுக்கில், ரோட்டு மண்ணில், பின்னால் ஏற நின்றவர்கள் செருப்புக்கடியில் என்று சிதறிப்போனது. கண்டக்டர் விசில் ஊதாமல் இரண்டு நிமிஷம் பொறுத்திருக்கிறார், கூட நின்ற ஒரு அக்கா தன் முந்தானையில் அள்ளிக் கொடுத்திருக்கிறார். அம்மா வீடு வந்து சேர்ந்தபோது பாதிதான் இருந்தது, அதிலும் கால்வாசி மண். ராத்திரி முறத்தில் புடைத்துக்கொண்டே அம்மா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் எனக்குள் கிடக்கிறது: "பையை நம்பித்தானேடா ஏறினேன்."

எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தையல்தான் தொழில். அந்தப் பையை மறுநாள் கடைக்கு எடுத்துப்போய் மேஜையில் விரித்துப் பார்த்தேன். ஒரு கடையில் சாமான் வாங்கியபோது "துணிப்பைங்க, ரொம்ப நாள் வரும்" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த பை அது. நான் காது அறுந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் காது முழுசாக இருக்கிறது, ஒரு இழை கூடப் போகவில்லை. காது ஒட்டியிருந்த இடம்தான் உள்ளங்கை அகலத்துக்குப் பிய்ந்து காதோடு வந்திருக்கிறது. நூல் என்று ஒன்று அந்தப் பையில் எங்குமே இல்லை. சூட்டில் அழுத்தி ஒட்டிய புள்ளிப் புள்ளியான தடம் மட்டும் வரிசையாக இருந்தது. பத்து கிலோ எடையை அந்தப் புள்ளிகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

இதில் முதலில் சொல்ல வேண்டியது, அது துணியே இல்லை. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தீக்குச்சி வைத்துப் பாருங்கள். பருத்தி என்றால் தாள் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, ஆறினதும் கெட்டியான சின்ன மணியாக நிற்கும். நான்-ஓவன் என்று சொல்லும் இந்தப் பை முழுக்க முழுக்க பாலிப்ரொப்பிலீன், அதாவது சிமெண்ட் மூட்டையும் பிளாஸ்டிக் சேரும் எதில் செய்கிறார்களோ அதே பிளாஸ்டிக். நெய்யாமல், இழைகளைப் பரப்பிச் சூட்டில் அழுத்தித் துணி மாதிரி ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அரசு தடை செய்த பொருட்களின் பட்டியலில் சாதாரண கேரி பேக்கோடு இந்த நான்-ஓவன் பையும் இருக்கிறது. ஆனாலும் துணி என்ற பெயரைச் சொல்லி இன்னும் கடைகளில் தொங்குகிறது. வாங்குகிறவர்களும் நல்ல காரியம் செய்ததாக நினைத்து வாங்கிப் போகிறோம்.

பிளாஸ்டிக் என்பதாலேயே நான் கோபப்படவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சொல்லி விற்கிற ஒரு பைக்கு, அப்படிப் பயன்படுத்துகிற அளவுக்குத் தெம்பு இருக்க வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. புவி வெப்பமாதல் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரே தடவை பயன்படுத்தி எறிகிற மெல்லிய கேரி பேக்கை விட இந்த நான்-ஓவன் பை தேவலை என்று சொல்வதற்கு அதைக் குறைந்தது 11 தடவை பயன்படுத்தியிருக்க வேண்டும். பருத்திப் பை என்றால் 131 தடவை. பதினொன்று என்பது பெரிய எண் இல்லை, வாராவாரம் சந்தைக்குப் போனால் மூணு மாசம் கூட ஆகாது. ஆனால் அம்மாவின் பை நாலாவது வாரமே போய்விட்டது. அப்படியென்றால் அது பழைய கேரி பேக்கை விட மோசம். அதை விடக் கனமான பிளாஸ்டிக், அதை விட அதிக விலை, கடைசியில் அதே சாக்கடையில்தான் போய் விழுகிறது.

அந்தப் பழைய கேரி பேக்கைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதை வடிவமைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்டாஃப் துலின். செல்லோபிளாஸ்ட் என்ற கம்பெனிக்காகச் செய்தார், 1965-ல் காப்புரிமை கிடைத்தது. பனியன் மாதிரி இரண்டு தோள் வைத்த அந்தப் பையை எடுத்துப் பாருங்கள், அதில் காது என்று எதையும் தனியாக ஒட்டவில்லை. ஒரே குழாய் பிளாஸ்டிக்கில் மேல் பகுதியை வெட்டி எடுத்து, மிச்சம் நிற்பதையே காதாக விட்டிருக்கிறார். அதனால்தான் சில கிராம் எடையுள்ள பை சில கிலோவைத் தூக்குகிறது. அது ஊரைக் கெடுத்தது உண்மை, மாடு வயிற்றில் போனது உண்மை. ஆனால் ஒரு தையல்காரனாக அதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. காது பையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, காதும் பையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரி, நானே ஒன்று தைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

மூலப்பொருளுக்கு எங்கேயும் போகவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காலி சாக்கு கிடக்கிறது. அரிசி சாக்கு, மாட்டுத் தீவனச் சாக்கு. இதுவும் பாலிப்ரொப்பிலீன்தான், ஆனால் நெய்தது. பிளாஸ்டிக்கை மெல்லிய பட்டையாகக் கிழித்துச் சூட்டில் பல மடங்கு இழுத்து நீட்டுகிறார்கள். இழுக்க இழுக்க உள்ளே இருக்கிற மூலக்கூறுகள் எல்லாம் நீளவாக்கில் வரிசை கட்டி நிற்கும், அப்போது அந்தப் பட்டைக்கு வருகிற பலம் சாதாரண பிளாஸ்டிக் தாளுக்கு வராது. அதைப் பாவும் ஊடையுமாகத் தறியில் நெய்ததுதான் நம் சாக்கு. 26 கிலோ அரிசியைத் தாங்கி, லாரியில் ஏறி இறங்கி, நம் வீட்டு மூலைக்கு வந்து சும்மா கிடக்கிறது. புதிதாகப் பிளாஸ்டிக் செய்யவே தேவையில்லை, ஏற்கெனவே செய்ததை இன்னும் நாலு வருஷம் வேலை வாங்கினால் போதும். (பூச்சிமருந்து, உரம் வந்த சாக்கைச் சாப்பிடுகிற பொருளுக்கு எடுக்காதீர்கள். எத்தனை தண்ணீரில் அலசினாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.)

முதல் பை தோற்றுப்போனது. நாடாவை வாய் ஓரத்தில் வைத்து, பலமாக இருக்கட்டும் என்று குறுக்கே நாலு வரி நெருக்கித் தைத்திருந்தேன். அரிசியைப் போட்டுத் தூக்கினேன், தையல் போன கோட்டிலேயே சாக்கு கிழிந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஊசி போகிற ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. குறுக்கே ஒரே கோட்டில் நெருக்கமாக ஓட்டை போட்டால் தபால்தலை ஓரம் மாதிரிதானே ஆகும்? தையல் அதிகமானால் பலம் அதிகம் என்று இத்தனை வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தது இந்தச் சாக்கு விஷயத்தில் பொய்த்துவிட்டது. பருத்தித் துணியில் நூல் கொஞ்சம் விலகி ஊசிக்கு இடம் கொடுக்கும். இந்தப் பட்டை விலகாது, ஊசி அதைக் குத்தியே போகும்.

இரண்டாவது பையில் யோசனையையே மாற்றினேன். எடையைச் சாக்கு ஏன் தாங்க வேண்டும், நாடாவே தாங்கட்டும். ஸ்கூல் பைக்குப் போடுகிற ஒன்றரை இஞ்ச் நாடா, மூன்றேகால் மீட்டர், ஒரே துண்டு. முன்பக்கம் காதாக வளைந்து, பக்கவாட்டில் இறங்கி, அடியில் சுற்றி, பின்பக்கம் ஏறி, அங்கே இன்னொரு காதாக வளைந்து, மறுபடி இறங்கி அடிக்கு வந்து சேர்கிறது. இரண்டு முனையும் ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் படிகிற மாதிரி வைத்துத் தைப்பது பைக்கு அடியில். இப்போது பத்து கிலோவைத் தூக்கினால், நாடா பையை அடியில் கைகொடுத்துத் தூக்குகிறது, குழந்தையைத் தொட்டிலில் வைத்துத் தூக்குகிற மாதிரி. தையலுக்கு வேலை, நாடா நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். வாய்ப்பக்கத்தில் இரண்டு மடிப்பு மடித்து, அதற்கு நாலு விரல் கீழே சின்னக் கட்டம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி. தையலைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி விட்டேன். நூல் நைலான், பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். நாடா முனையையும் சாக்கு வெட்டின ஓரத்தையும் மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரியாது.

அப்புறம் கை. காது அறுவதைப் பற்றிப் பேசுகிற நாம் கை அறுவதைப் பேசுவதில்லை. சந்தையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருகிற பெண்களின் விரல்களைப் பாருங்கள், பையை இறக்கி வைத்த பிறகும் நாலு விரலிலும் சிவப்புக் கோடு இருக்கும். சுண்டு விரல் அகலத்துக்குக் காது வைத்துப் பத்து கிலோவைத் தூக்கச் சொன்னால் வேறென்ன ஆகும்? நாடாவைக் காதின் நடுவில் மட்டும் நாலு விரல் நீளத்துக்கு இரண்டாக மடித்துத் தைத்தேன். மண்வெட்டிக் காம்பு மாதிரி உருண்டு நிற்கிறது, கைக்குள் நிறைந்து உட்காருகிறது. காதின் நீளத்தையும் அம்மாவை நிற்க வைத்துத்தான் அளந்தேன். தோளில் மாட்டுகிற அளவுக்கு நீளமாக வைத்தால், கையில் தூக்கும்போது தரையில் இழுக்கும், வண்டி ஹாண்டில்பாரில் மாட்டினால் சக்கரத்தில் உரசும்.

சோதனைக்கு, கடை உத்தரத்தில் கயிறு கட்டி, பைக்குள் 26 கிலோ அரிசியை வைத்து மூணு நாள் தொங்கவிட்டேன். அதில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சும்மா தொங்குவது பெரிய சோதனை இல்லை. அம்மாவின் பை சும்மா நிற்கும்போது கிழியவில்லை, படியேறி வெடுக்கென்று தூக்கும்போதுதான் கிழிந்தது. அந்த உதறலில் பத்து கிலோ இருபது கிலோவாகிவிடும். அதோடு பை சாய்ந்தால், இரண்டு காதும் பங்குபோட வேண்டியதை ஒரே காது தாங்க வேண்டியிருக்கும். அதனால் பதினைந்து கிலோ போட்டு ஒரே ஒரு காதைப் பிடித்து, நூறு தடவை உதறித் தூக்கினேன். பக்கத்துக் கடைத் தம்பி எண்ணினான். கட்டத்தின் ஓரத்தில் சாக்கு கொஞ்சம் இளகி இருந்தது, கிழியவில்லை. அந்த இடத்தில் உள்பக்கம் ஒரு துண்டு சாக்கை வைத்து இரட்டையாக்கினேன், இளகலும் நின்றது.

இந்தப் பைக்கு ஒரே எதிரி வெயில். மொட்டை மாடியில் விட்ட சாக்கைச் சில மாதம் கழித்துத் தொட்டால் கையில் வெள்ளையாக உதிரும், பார்த்திருப்பீர்கள். அலசினால் நிழலில் காயப்போடுங்கள், கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். அப்படி உதிர ஆரம்பித்த சாக்கைத் தைக்கக் கொண்டுவந்தால் நான் வாங்குவதில்லை, அந்த உதிரல் எல்லாம் மண்ணுக்குத்தான் போகும்.

"மீண்டும் மஞ்சப்பை என்று அரசு சொல்லும்போது நீ பிளாஸ்டிக் பைக்கு வக்காலத்து வாங்குகிறாயா" என்று ஒருவர் கேட்டார். 2021 டிசம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது மஞ்சப்பை தைத்துக் கொடுத்தவன் நான். அரைக்கிலோ கத்தரிக்காய்க்கும் கல்யாணத் தேங்காய்க்கும் மஞ்சப்பையை விட நல்ல பை கிடையாது. ஆனால் ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை, பருப்பு எல்லாம் சேர்த்து வாங்குகிறவருக்கும், மழையில் நனைந்த தக்காளியை மார்க்கெட்டில் அள்ளுகிறவருக்கும் அந்த மெல்லிய துணி போதாது. போதாதபோது அவர்கள் கடைக்காரரிடம் இன்னொரு கவர் கேட்பார்கள், அதுதான் நடக்கிறது. கனத்துக்கு ஒரு பை, இலேசுக்கு ஒரு பை, இரண்டும் வீட்டில் இருந்தால் மூணாவது பைக்கு வேலை இல்லை.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். பையில் கடை பெயரை நாலு கலரில் அடிக்கச் செலவு செய்கிறீர்கள், காதுக்கு என்ன செய்கிறீர்கள்? அடுத்த முறை பைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் மாதிரிக்கு ஒன்று வாங்கி, உங்கள் கடையிலேயே பத்து கிலோ அரிசியை அளந்து போட்டு, ஒரே காதைப் பிடித்து வெடுக்கென்று பத்து தடவை தூக்கிப் பாருங்கள். பிய்ந்தால் ஆர்டரைத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பையோடு பஸ் ஏறப்போவது உங்கள் கடைக்கு வந்த ஒரு அம்மாதான்.

எங்கள் அம்மா நான் தைத்த சாக்குப் பையோடு சந்தைக்குப் போகாத ஞாயிறு இல்லை. அரிசி மில் பெயர் பாதி அழிந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் ஒரு காதின் மடிப்பில் நூல் விட்டிருந்தது, ஐந்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தேன். சாக்கும் நாடாவும் கொண்டுவந்தால் உங்களுக்கும் தைத்துத் தருகிறேன். வீட்டில் மிஷின் இருந்தால் வந்து அளவு எடுத்துக்கொண்டு போங்கள். பதினாறாம் நம்பர் ஊசிக்குக் குறைந்து போடாதீர்கள், ஒடியும்.