உள்ளே ஆள் படுக்கும் கடைக்கு வெளிப்பூட்டு எதற்கு?

கொழும்புப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் கடை சாத்திய பிறகு சற்று நிமிர்ந்து மேல்மாடியைப் பாருங்கள். கீழே ஷட்டர் இறக்கி வெளியில் பூட்டு, மேலே ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கிரில். சில கடைகளில் அதற்குள்தான் மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த பெடியன்கள் துணிக்கட்டுகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். சாவி வெள்ளவத்தையில், முதலாளி வீட்டில். சரக்குக்குக் காப்புறுதி உண்டு. பெடியனுக்குச் சேமலாப நிதியாவது கட்டுகிறார்களா?

1911 மார்ச் 25, நியூயோர்க். ட்ரயாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். வேலையாட்கள் துணி திருடுவார்கள் என்ற சந்தேகத்தில் ஒன்பதாம் மாடிக் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. வழக்குப் போட்ட குடும்பங்களுக்குக் கடைசியில் ஓர் உயிருக்கு 75 டொலர் கிடைத்தது. 2012இல் கராச்சி ஆடைத் தொழிற்சாலையில் 250 பேருக்கு மேல். தீயை யார் மூட்டினார்கள் என்பது பின்னர் வழக்கானது. ஆட்கள் வெளியே வரமுடியாமல் போனது பூட்டிய கதவாலும் ஜன்னல் கிரில்லாலும்.

நெருப்பு வருமுன் புகை வந்துவிடும். பொலியெஸ்டரும் ஸ்பொஞ்சும் எரியும் புகையில் காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரஜன் சயனைட்டும் கலந்திருக்கும். தூங்குகிறவன் இருமி விழிப்பதற்குள்ளேயே மயங்கலாம். மாடிப்படி புகைபோக்கி மாதிரி அதை மேலே இழுக்கும். அந்தப் படியில்தான் தீபாவளிச் சரக்குப் பெட்டிகளையும் அடுக்குகிறோம். அட்டை மேல் கொளுத்தி வைத்த நுளம்புச்சுருள் ஒன்று போதும், எல்லாம் தொடங்க.

செய்யவேண்டியது பெரிய செலவில்லை. ஆள் படுக்கும் கட்டடத்தில் ஒரு கதவாவது உள்ளிருந்து சாவியில்லாமல், வெறும் தாழ்ப்பாளால் திறக்கவேண்டும். தெருப்பக்கக் கிரில்லில் ஒரு துண்டை வெட்டி, கீல் வைத்து, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி செய்யுங்கள். ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி உயரத்துக்குக் குறையக்கூடாது. கொழும்புக் கடற்காற்றில் கீல் துருப்பிடித்து இறுகிவிடும், மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டுத் திறந்து பார்க்கவேண்டும். ஷட்டர் கரண்டில் ஓடுவதென்றால் கையால் தூக்கும் சங்கிலி உள்ளே இருக்கிறதா பாருங்கள். தீயில் முதலில் போவது கரண்ட்தான்.

“பெடியனே சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்?” என்று கேட்கும் முதலாளிமார் இருக்கிறார்கள். கதவு திறந்தால் அலறும் அலாரம் கடைகளில் கிடைக்கும், அதைப் பூட்டுங்கள். ஆளைப் பூட்டாதீர்கள். திருட்டுப்போன சரக்கைப் பொலிஸில் முறையிடலாம், மறுபடி கொள்முதல் செய்யலாம்.

110 என்ற தீயணைப்பு இலக்கத்தைப் படுக்கும் இடத்துச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். இன்றிரவே விளக்கை அணைத்துவிட்டு, அங்கே படுப்பவர்களில் ஆக இளையவனைத் தனியே வெளியே வரச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் தெருவில் நிற்காவிட்டால், அந்த வழியைச் சரிசெய்யும்வரை அங்கே யாரையும் படுக்க விடாதீர்கள்.