முகாமில் அரசியல் பேசலாமா?

சாரண ஆசிரியர்கள் தங்களுக்குள்கூட அரசியல் பேசக் கூடாது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாகப் பள்ளியில் சாரணர் படை நடத்துகிறேன். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

2017இல் தமிழ்நாடு சாரணர் இயக்கத் தலைவர் பதவிக்கு பா.ஜ.க.வின் எச். ராஜா போட்டியிட்டு, பள்ளிக்கல்வித் துறையின் முன்னாள் இயக்குநர் மணியிடம் தோற்றார். அதைப் பற்றி ஒரு முகாமில் நாங்கள் இரவு பதினொரு மணிவரை வாக்குவாதம் செய்தோம். பேசியதில் தப்பில்லை. பிள்ளைகளின் கூடாரம்வரை கேட்கிற மாதிரி பேசியதுதான் தப்பு. மறுநாள் காலை ரீஃப் முடிச்சு போட்டுக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன், கயிற்றிலிருந்து கண் எடுக்காமலே, "சார், நீங்க எந்தக் கட்சி?" என்றான். என் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் அப்பா வேறு கட்சிக்காரர்.

கட்சி சார்பற்ற இயக்கம் என்று விதியிலேயே இருக்கிறது, சரி. ஆனால் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டால் மனக்கசப்புதான் வளரும். இப்போது நாங்கள் சாரணர் சீருடையின் கழுத்து ஸ்கார்ஃபைக் கழற்றிவிட்டு, முகாமுக்கு வெளியே டீக்கடையில்தான் பேசுகிறோம். அப்புறம், பெற்றோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் செய்திகளைப் போடுகிறார்களே, அதைப் பற்றியும் எழுதுங்கள்.